விற்பனையாளரின் சொல்: விண்டோஸ் தொலைபேசி பற்றிய சில சிந்தனைகள்

சந்தையைப் பற்றிப் பேசும் பொருளியல் நூல்களில் இருவர் தவறாது இடம்பெறுவர். ஒருவர் உற்பத்தியாளர், மற்றவர் நுகர்வோர். ஒருவர் பொருளைப் படைக்கிறார். மற்றவர் தமது விருப்புக்கும் வசதிக்கும் ஏற்ப அதனைத் தெரிகிறார். இவ்விருவருக்கும் நடுவே ஒரு மேசை உண்டு என்பதும், அம்மேசைக்குப் பின்னால் மூன்றாமவர் ஒருவர் நாள் முழுவதும் கால் கடுக்க நிற்கிறார் என்பதும் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றன. "இவற்றுள் எது நல்லது?" என்று கேட்கப்படும்போது விடை சொல்பவர் அவரே. நுகர்வோரின் தெரிவு என்று பின்னர் புள்ளிவிபரங்களிற் பதியப்படுவதில் எவ்வளவு நுகர்வோருடையது, எவ்வளவு அம்மூன்றாமவருடையது என்பது எளிதிற் பிரித்தறியக் கூடியதன்று.

இவ்வினாவை ஆராய்வதற்கு அண்மைக்கால வரலாற்றில் விண்டோஸ் தொலைபேசியிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. 2010 ஆம் ஆண்டின் இறுதியிற் கடைகளுக்கு வந்து, பத்து ஆண்டுகள் நிறைவதற்குள் வழக்கொழிந்துபோன இயங்குதளம் இது. இதன் வீழ்ச்சிக்குக் காரணங் கூறியோர் பலர். அவர்களுள் ஒரு சாரார் அமெரிக்கத் தொலைபேசிக் கடைகளின் விற்பனையாளரைச் சுட்டினர். இத்தொலைபேசியைக் கேட்டு வந்தவரைக்கூட ஐபோன் பக்கமோ அன்ட்ரொயிட் பக்கமோ அவர்கள் திருப்பிவிட்டனர் என்பது தொழினுட்ப இதழாளரும் பாவனையாளரும் அக்காலத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பிய முறைப்பாடு. முறைப்பாடு பெருமளவு உண்மையே. ஆயின் அவ்விற்பனையாளர் ஏன் அவ்வாறு நடந்துகொண்டனர் என்ற வினாவை எழுப்பியோர் மிகச் சிலர். அவர்கள் சோம்பேறிகள், அறியாதவர்கள், இலஞ்சம் வாங்கியவர்கள் என்ற மூன்று சொற்களோடு விடயம் முடிந்துவிட்டது.

மைக்ரோசொப்ட் நிறுவனம் கைத்தொலைபேசித் துறைக்குப் புதியதன்று. ஐபோன் வெளிவந்த 2007 ஆம் ஆண்டுக்கு முன்னரே அது 'விண்டோஸ் மொபைல்' என்னும் இயங்குதளத்தைப் பல உற்பத்தியாளருக்கு வழங்கி வந்தது. விரலால் தொட்டு இயக்கும் திரைக்கு அப்பழைய தளம் ஈடுகொடுக்க முடியாமற் போகவே, அதனைக் கைவிட்டு முற்றிலும் புதிய ஒன்றை உருவாக்கி 2010 பெப்ரவரியில் பார்சிலோனாவில் அறிமுகஞ் செய்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஐரோப்பாவிலும் நவம்பரில் அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்தது. ஏனைய தொலைபேசிகளிற் காணப்பட்ட சிறு படக்குறிகளின் வரிசைக்குப் பதிலாக, இதன் திரையில் ஓடு பதித்தாற் போன்ற சதுரங்கள் இருந்தன. வந்த மடல், தவறிய அழைப்பு, நண்பரின் புதிய படம் என்பன அச்சதுரங்களிலேயே மாறி மாறித் தோன்றும். எழுத்துக்கள் பெரியவை, மலிந்த கருவியிலும் தடையின்றி இயங்கும். இதன் வடிவமைப்பைப் போட்டியாளரின் பக்கம் நின்றோருங்கூடப் பாராட்டினர். 2011 பெப்ரவரி 11 ஆம் திகதி நொக்கியா நிறுவனம், தனது சிம்பியன் தளத்தைக் கைவிட்டு இதனையே தன் திறன்பேசிகளின் அடிப்படையாகக் கொள்ளப்போவதாக அறிவித்தது. கைத்தொலைபேசி என்றாலே நொக்கியா என்று இலங்கையிலும் ஒரு தலைமுறை எண்ணியிருந்த காலம் அப்போது முற்றாக மறைந்திருக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் கடைகளில் அப்பெயருக்கு ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ இருந்த மதிப்பு அப்போது இருக்கவில்லை.

இனிக் கடைக்குள் நுழையலாம்.

2012 ஆம் ஆண்டளவில் அமெரிக்க நகரொன்றின் கடைத்தொகுதியில் அமைந்த தொலைபேசிக் கடையொன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அங்கு நிற்கும் விற்பனையாளருக்கு வயது இருபதுகளில் இருக்கும். படிப்பை முடித்தவராகவோ, கல்விக் கட்டணத்துக்குப் பணஞ் சேர்ப்பவராகவோ இருக்கலாம். அடிப்படைச் சம்பளம் சிறிது. அதற்கு மேல் வருவது விற்பனைத் தரகு. நிறுவனம் மாதந்தோறும் இலக்கு விதிக்கிறது. கடைக்குள் வருபவருட் பலர் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்திற் கையெழுத்திடப் போகின்றவர்கள். அதாவது, அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை நம்பி இரண்டு ஆண்டுகள் ஒரே கருவியோடு வாழப்போகின்றவர்கள்.

வாடிக்கையாளர் பலவற்றைக் கேட்பார். விலை, நிறம், மின்கலம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பன. இவற்றுக்குப் பயிற்சி வகுப்பிலே கற்ற விடைகள் உண்டு. பயிற்சி வகுப்பில் விடை கற்பிக்கப்படாத வினா ஒன்றும் உண்டு: "நீங்கள் எதைப் பாவிக்கிறீர்கள்?"

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. றைற் மில்ஸ் 1951 இல் வெளியிட்ட 'வெள்ளைக் கொலர்' என்னும் நூலில் விற்பனைக் கூடத்துக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். விற்பனைப் பெண்ணின் புன்னகையும் இன்சொல்லும் அவளுக்குரியனவாக இராமல் தொழிலின் கருவிகளாக மாறிவிடுகின்றன என்பதும், உழைப்போடு சேர்த்து ஆளுமையும் விலைக்குப் போகிறது என்பதும் அவர் கண்ட உண்மைகள். மில்ஸ் கண்ட பல்பொருட் கடையில் அவ்வளவோடு போதுமாயிருந்தது. தொலைபேசிக் கடையில் இன்னுமொன்று கேட்கப்படுகிறது. விற்பனையாளர் தமது சொந்த வாழ்க்கையையே சான்றாகக் காட்டவேண்டும். தமது சட்டைப்பையிலிருக்கும் தொலைபேசியை எடுத்துக் காட்டும் கணத்தில் அவர் நிறுவனத்தின் ஊழியர் என்ற நிலை நீங்கி, தம்மைப் போன்ற இன்னொரு பாவனையாளராக வாடிக்கையாளருக்குத் தோன்றுகிறார். அக்கணத்திற் பிறக்கும் நம்பிக்கை எந்த விளம்பரத்தாலும் வாங்க இயலாதது. விண்டோஸ் தொலைபேசி மிகப் பெரும்பாலான விற்பனையாளரின் சட்டைப்பையில் இருக்கவில்லை. அங்கு இருந்தது ஐபோன், இல்லையேல் சம்சுங்.

இதனோடு கருவியே தனக்கெதிராகச் சாட்சி சொல்லும் விந்தையும் சேர்ந்துகொண்டது. கடைகளிற் காட்சிக்கு வைக்கப்படும் தொலைபேசி கம்பியினாற் கட்டப்பட்டிருக்கும், அதற்கு உரிமையாளர் இல்லை, நண்பர் இல்லை, மடல் வருவதில்லை. ஐபோன் இந்நிலையிலும் வீட்டிலிருக்கும் ஐபோன் போலவே தோன்றும், ஏனெனில் அதன் படக்குறிகள் எவர் கையிலும் மாறுவதில்லை. விண்டோஸ் தொலைபேசியின் உயிர் முழுவதும் அதன் சதுரங்களிலே தங்கியிருந்தது. உரிமையாளரின் நண்பரும் உறவினரும் அச்சதுரங்களில் வந்து போனாற்றான் அதன் அழகு விளங்கும். கடை மேசையில் அது நீலமும் சிவப்புமான வெற்றுக் கட்டங்களாகக் கிடந்தது. அதனை உயிரோடு காட்ட ஒரு வழிதான் இருந்தது. விற்பனையாளர் தமது சொந்தத் தொலைபேசியைக் காட்டவேண்டும். அவரிடம் அது இல்லை.

தரகு பற்றியும் கூறவேண்டும். குறித்த ஒரு தொலைபேசியை விற்பதற்காக உற்பத்தியாளர் கடை ஊழியருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊக்குவிப்புப் பணம் வழங்குவது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். விண்டோஸ் தொலைபேசியின் பகைவர் மட்டுமே இதனைக் கையாண்டனர் என்று கருதுவது தவறு. மைக்ரோசொப்ட்டும் நொக்கியாவும் இவ்வழியிற் பணஞ் செலவிட ஆயத்தமாவதாக 2012 இன் தொடக்கத்தில் இதழ்கள் எழுதின. ஆயினும் பணம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அதன் காரணம் கடையின் கணக்கிலேயே இருந்தது. விற்ற தொலைபேசி சில நாட்களில் திரும்பி வந்தால், விற்பனையாளருக்குக் கிடைத்த தரகை நிறுவனம் மீள எடுத்துக்கொள்ளும் முறை பல இடங்களில் உண்டு. "என் தோழிகள் எல்லாரும் படம் போடும் செயலி இதில் இல்லையாமே" என்று பதினேழு வயது மகளோடு தாய் திரும்பி வரும்போது, விற்பனையாளர் இழப்பது தரகை மட்டுமன்று. அரைமணி நேரத்தையும் அன்றைய இலக்கையும் முகாமையாளரின் நல்லெண்ணத்தையும் சேர்த்தே இழக்கிறார். ஐபோனை விற்றால் இந்த அச்சம் இல்லை. அது திரும்பி வந்தாலும் பழி அப்பிளுக்கே போகும். விண்டோஸ் தொலைபேசி திரும்பி வந்தாற் பழி அதனைப் பரிந்துரைத்தவருக்கு.

அத்தாயின் கூற்று வெறுங் கற்பனையன்று. இன்ஸ்டகிராம் ஐபோனில் 2010 ஒக்ரோபரிலும் அன்ட்ரொயிட்டில் 2012 ஏப்பிரலிலும் வந்தது. விண்டோஸ் தொலைபேசிக்கு வந்தது 2013 நவம்பரில். ஸ்னப்சற் நிறுவனம் இத்தளத்துக்கெனத் தன் செயலியை வெளியிடவேயில்லை. யூரியூப்புக்கு மைக்ரோசொப்ட் தானே ஒரு செயலியை உருவாக்கியபோது, 2013 ஓகஸ்டில் கூகுள் அதனைத் தடுத்தது. பாவனையாளர் குறைவு என்பதாற் செயலி எழுதுவோர் வரவில்லை. செயலி இல்லை என்பதாற் பாவனையாளர் வரவில்லை. இவ்வட்டத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இங்கு கவனிக்கவேண்டியது, இவ்வட்டம் சுழன்ற இடம் எது என்பதே. செயலிகளின் எண்ணிக்கை கணினி நிறுவனங்களின் அறிக்கைகளில் வெறும் எண்ணாக இருந்தது. அவ்வெண் ஒரு மனிதரின் வாயில் "வேண்டாம்" என்ற சொல்லாக மாறியது கடை மேசையிலேதான்.

விற்பனையாளர் மேலிடத்தின் ஊதுகுழல்கள் என்று கருதுவோர் விளக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கத் தொலைபேசிச் சேவை நிறுவனங்கள் 2012 அளவில் மூன்றாவது தளம் ஒன்று வளரவேண்டும் என்று உண்மையாகவே விரும்பின. ஐபோன் ஒவ்வொன்றையும் குறைந்த விலைக்குக் கொடுப்பதற்காக அவை அப்பிளுக்குச் செலுத்திய மானியம் அவற்றின் இலாபத்தை அரித்துக்கொண்டிருந்தது. வெரைசன் நிறுவனத்தின் நிதித் தலைமை அதிகாரி, விண்டோஸ் தொலைபேசியை மூன்றாவது தளமாக வளர்க்க ஆதரவளிப்பதாக 2012 ஏப்பிரலில் வெளிப்படையாகவே கூறினார். தலைமையகத்தின் நலன் ஒரு பக்கம் இழுக்க, அதே நிறுவனத்தின் கடை மேசை மறுபக்கம் இழுத்தது. மேலிருந்து வரும் ஆணை கீழே வந்து சேரும்போது, அதனைத் தன் முகத்தாலும் குரலாலும் நிறைவேற்றவேண்டியவர் தம்முடைய நட்டத்தையும் கணக்கிற் கொள்கிறார். வகுப்பறைகளிற் பேசப்படும் 'அதிகாரத்தின் ஊடுருவல்' என்பதற்கு இப்படியும் ஓர் எல்லை உண்டு போலும்.

வெரைசன் இதற்கு முன்னர் ஒரு முறை வெற்றி பெற்றிருந்தது என்பதையும் மறக்கலாகாது. 2009 நவம்பரில் மோட்டொரோலாவின் 'ட்ரொயிட்' தொலைபேசியை அது பெரும் ஆரவாரத்தோடு அறிமுகஞ் செய்தது. அன்ட்ரொயிட் அப்போது பலரும் அறியாத, வளர்ச்சியுறாத தளம். அதனைக் கடை ஊழியர் உற்சாகத்தோடு விற்றனர். அன்று இயன்றது 2012 இல் ஏன் இயலவில்லை? விளக்கம் எளியது. 2007 முதல் 2011 பெப்ரவரி வரை அமெரிக்காவில் ஐபோனை விற்கும் உரிமை ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்திடமே இருந்தது. வெரைசன் கடைக்கு வந்து ஐபோன் போன்ற ஒன்றைக் கேட்டவருக்கு விற்பனையாளர் காட்டக்கூடியது பெரும்பாலும் அன்ட்ரொயிட்டே. தமது வாழ்க்கைப்பாட்டுக்காகவே அவர் அதனைக் கற்றார், கற்றதனால் விரும்பினார், விரும்பியதனால் தாமும் அதனை வாங்கினார். சட்டைப்பை நிரம்பியது அவ்வாறுதான். விண்டோஸ் தொலைபேசி வந்தபோது மேசையில் இரண்டு இருக்கைகளும் நிரம்பியிருந்தன. இல்லாத குறையை நிரப்ப வருவோனுக்குக் கிடைக்கும் வரவேற்பு, மூன்றாவதாக வருவோனுக்கு எங்கும் கிடைப்பதில்லை.

விண்டோஸ் தொலைபேசிப் பிரிவில் முன்னர் பணியாற்றிய சார்ளி கின்டெல் 2011 டிசெம்பரில் எழுதிய கட்டுரையொன்றில் இதற்கு அண்மித்த கருத்து ஒன்று காணப்படுகிறது. மைக்ரோசொப்ட் தனது கட்டுப்பாடுகளால் சேவை நிறுவனங்களோடும் கருவி உற்பத்தியாளரோடும் உராய்ந்து கொண்டது. கூகுளோ அவர்கள் விரும்பியவாறு மாற்றிக்கொள்ள இடமளித்தது என்பது அவர் வாதம். பொருள் சிறந்ததாயிருந்தும் விலைபோகாமைக்கு அவர் கண்ட காரணம் இது. நிறுவனங்களின் மட்டத்தில் இது பொருந்தும். ஆயினும் நிறுவனங்கள் இணங்கி வந்த பின்னரும் கடை மேசை இணங்கவில்லை என்பதை அவ்வாதம் ஒன்றாற் மட்டும் விளக்க முடியாது.

இங்கு பலரும் ரொபர்ட் கே. மேர்ட்டனை நினைவுகூர்வர். தன்னைத் தானே நிறைவேற்றிக் கொள்ளும் முன்கூற்று என்ற கருத்தை அவர் 1948 இல் ஒரு கற்பனை வங்கியைக் கொண்டு விளக்கினார். வங்கி நல்ல நிலையில் இருக்கிறது. அது முறியப்போகிறது என்ற வதந்தி பரவுகிறது. வைப்பாளர் எல்லாரும் ஒருசேரப் பணத்தை மீளப் பெற வருகின்றனர். மாலையில் வங்கி முறிந்துவிடுகிறது; வதந்தி உண்மையாகிவிடுகிறது. "இது நிலைக்காது, இதை வாங்கவேண்டாம்" என்று ஆயிரம் மேசைகளிற் சொல்லப்பட்ட சொல்லும் இவ்வாறே பலித்தது என்பர். இவ்வொப்புமை கவர்ச்சியானது. ஆனால் மேர்ட்டனின் விளக்கத்துக்கு இன்றியமையாத கூறு, தொடக்கத்திற் சொல்லப்பட்டது பொய்யாக இருக்கவேண்டும் என்பது. வங்கி உண்மையில் நல்ல நிலையில் இருக்கவேண்டும். விண்டோஸ் தொலைபேசி அத்தகைய வங்கியா?

இதற்கு விடை காண 2012 ஆம் ஆண்டின் கோடையைச் சற்று நுணுகி நோக்கவேண்டும். அவ்வாண்டு ஏப்பிரல் 8 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நொக்கியாவின் லூமியா 900 தொலைபேசி ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தினால் விற்பனைக்கு விடப்பட்டது. இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு விலை 99.99 டொலர். அந்நிறுவனம் தனது மிகப் பெரிய அறிமுகங்களுள் ஒன்றாக இதனை நடத்த முனைந்தது. பண்டிகை நாளாகையால் அதன் கடைகள் பல அன்று பூட்டிக் கிடந்தன என்பது வேறு கதை. முதற் சில நாட்களில் இணைய இணைப்பில் ஒரு பழுது தோன்றியது. நொக்கியா வாங்கியோருக்கு 100 டொலர் வரவு வைத்துச் சமாளித்தது. இவையெல்லாம் இருந்தும் சில விற்பனையாளர் இக்கருவியை மெய்யாகவே விரும்பினர். அழகிய உடல், தெளிந்த திரை, குறைந்த விலை. தயக்கத்தோடு நின்ற வாடிக்கையாளரிடம், "இதை எடுத்துப் பாருங்கள், பிடிக்கும்" என்று சொல்லத் துணிந்தோர் அவர்கள்.

யூன் 20 ஆம் திகதி மைக்ரோசொப்ட் சான் பிரான்சிஸ்கோவில் விண்டோஸ் போன் 8 ஐ அறிவித்தது. ஏற்கெனவே விற்கப்பட்ட எந்தத் தொலைபேசிக்கும் அது வரமாட்டாது என்றும் அறிவித்தது. முகப்புத் திரையை மட்டும் மாற்றும் 7.8 என்னும் சிறிய திருத்தமே பழைய கருவிகளுக்குக் கிடைக்கும். லூமியா 900 கடைக்கு வந்து 73 நாட்களே ஆகியிருந்தன. வாங்கியவருக்கு ஒப்பந்தத்தில் இன்னும் இருபத்தொரு மாதங்களுக்கு மேல் மீதமிருந்தன. முதல் வாரங்களில் வாங்கியோர் கருவியைத் திருப்பிக் கொடுக்கும் காலமும் கடந்துவிட்டிருந்தது. யூலை நடுப்பகுதியில் விலை 49.99 டொலராகக் குறைக்கப்பட்டது.

இவ்வறிவித்தலின் பாரம் யார்மீது இறங்கியது என்று எண்ணிப் பார்த்தால் விற்பனையாளரின் மனப்பாங்கு விளங்கத் தொடங்கும். சான் பிரான்சிஸ்கோ மேடையில் நின்றவர் எவரும் லூமியா வாங்கியவரின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. கடையில் நின்றவர் பார்க்கவேண்டியிருந்தது. அதிலும், அந்தத் தொலைபேசியை இகழ்ந்து ஐபோனை விற்றவருக்கு எத்தொல்லையும் இல்லை. வாடிக்கையாளருக்கு உண்மையிற் பொருத்தமானதைத் தேடி, பழக்கமில்லாத ஒன்றுக்காகத் தம் சொல்லைப் பணயம் வைத்தவரே தலைகுனிய நேர்ந்தது. விண்டோஸ் தொலைபேசிக்குக் கடைகளில் இருந்த சில நண்பர்களை அதன் பகைவர் அழிக்கவில்லை.

இது ஒரு முறை நிகழ்ந்த தவறாக இருந்தால் மன்னிக்கப்பட்டிருக்கலாம். 2010 இல் விண்டோஸ் மொபைல் பாவனையாளர் இவ்வாறே கைவிடப்பட்டிருந்தனர். அவர்களுடைய செயலிகள் புதிய தளத்தில் இயங்கவில்லை. 2012 இல் நிகழ்ந்தது இரண்டாவது. 2016 இல் விண்டோஸ் 10 மொபைல் வந்தபோது லூமியா 920, 1020, 520 உட்படப் பல கருவிகள் அதனைப் பெறத் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்டன, இது மூன்றாவது. ஆறு ஆண்டுகளில் மூன்று முறை. மேர்ட்டனின் வைப்பாளர் நல்ல வங்கியை வதந்தியால் முறித்தனர். இங்கோ வங்கியின் இயக்குநர்களே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை பழைய கணக்குப் புத்தகங்கள் செல்லாவென்று கதவில் ஒட்டினர். அதனைக் கண்ட காசாளர், வாசலில் வருவோரை மெல்லத் திருப்பியனுப்பினார் என்றால் அதனை வதந்தி என்று கூறலாமா?

எனினும் விற்பனையாளரை முற்றாக விடுவித்துவிடவும் இயலாது. அமெரிக்காவில் 2012 இன் தொடக்கத்தில் வயது வந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இன்னும் திறன்பேசிக்கு மாறியிருக்கவில்லை. முதன்முறையாகத் திறன்பேசி வாங்கவரும் முதியவர், செயலிகளின் பெயரே அறியாதவர், பெரிய எழுத்தும் எளிய அமைப்பும் வேண்டியவர் ஆகியோருக்கு இத்தொலைபேசி நன்கு பொருந்தியது. விற்பனையாளரின் சொல்லை முழுமையாக நம்பி வந்தோரும் அவர்களே. தாமே ஆராய்ந்து முடிவு செய்து வந்த இளைஞரை விற்பனையாளரால் அசைக்க முடியாது. அவர்களுக்கு அவர் பற்றுச்சீட்டு எழுதுபவர் மட்டுமே. ஆகவே அவருடைய சொல் மிகுந்த வலிமை பெற்றிருந்தது எவரிடமோ, அவரிடமே அச்சொல் பொருந்தாதிருந்தது. எழுபது வயது மூதாட்டிக்கு இன்ஸ்டகிராம் இல்லாத குறை என்ன குறை? பதினேழு வயது மகளுக்குச் சொல்லவேண்டிய காரணத்தை மூதாட்டிக்கும் சொல்லியதில், விற்பனையாளரின் அனுபவம் ஒரு வாய்ப்பாடாக இறுகிவிட்டமை தெரிகிறது. அவ்வாய்ப்பாடு அவருக்குப் பாதுகாப்பளித்தது. கேட்டு வந்தவருக்கு அது பயன்பட்டதா என்பது வேறு வினா.

ஐரோப்பாவில் நிலைமை சற்று வேறாக இருந்தது. 2013 ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளையும் ஒருங்கு சேர்த்து நோக்கினால், புதிதாக விற்கப்பட்ட திறன்பேசிகளுள் நூற்றுக்குச் சுமார் பத்து விண்டோஸ் தொலைபேசிகளாக இருந்தன. அமெரிக்காவில் இவ்வளவு உயரத்தை அது எட்டவேயில்லை. நொக்கியாவின் பெயருக்கு அங்கு எஞ்சியிருந்த மதிப்பு ஒரு காரணம். விலை இன்னொன்று. உலகெங்கும் மிக அதிகமாக விற்ற விண்டோஸ் தொலைபேசி, விமர்சகர் வியந்த லூமியா 920 உம் அன்று, 41 மெகாபிக்சல் படக்கருவி கொண்ட 1020 உம் அன்று. மிக மலிந்த 520 ஆகும். நீண்ட ஒப்பந்தமின்றிக் காசு கொடுத்து வாங்கும் மலிந்த தொலைபேசிக்கு எவரும் நெடுநேரம் ஆலோசனை கேட்பதில்லை. விலைச்சீட்டைப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவர். விற்பனையாளரின் சொல் தேவைப்படாத இடத்தில் இத்தொலைபேசி ஓரளவு பிழைத்தது என்பது அச்சொல்லின் வலிமைக்கு ஒரு மறைமுகச் சான்று. ஆனால் மலிந்த தொலைபேசியில் இலாபமும் குறைவு. மைக்ரோசொப்ட் நொக்கியாவின் தொலைபேசிப் பிரிவை வாங்குவதாக 2013 செப்ரெம்பரில் அறிவித்து, 2014 ஏப்பிரலிற் கைக்கொண்டு, 2015 யூலையில் 7.6 பில்லியன் டொலரை நட்டமென எழுதித் தள்ளியது. 7,800 வரையிலான வேலைகளைக் குறைப்பதாகவும் அறிவித்தது. விண்டோஸ் 10 மொபைலுக்கான இறுதி ஆதரவு 2020 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

இத்தொலைபேசியை எவ்வித மனத்தடையுமின்றிப் புகழ்ந்த விற்பனையாளர் ஓரிடத்தில் மட்டும் இருந்தனர். அது மைக்ரோசொப்ட் நிறுவனம் 2009 முதல் திறந்து வந்த அதன் சொந்தக் கடைகள். 2012 இல் அக்கடைகளிற் போட்டியொன்று நடத்தப்பட்டது. வாடிக்கையாளர் தமது ஐபோனையோ அன்ட்ரொயிட்டையோ கொண்டுவந்து, குறித்த ஒரு வேலையை விண்டோஸ் தொலைபேசியிலும் விரைவாகச் செய்து காட்டவேண்டும். அவ்வாண்டு மார்ச்சில் கலிபோர்னியாவின் சான்ரா கிளாரா கடையில் இரு நகரங்களின் காலநிலையை முதலிற் காட்டுவதே போட்டியாக இருந்தது. அன்ட்ரொயிட்டோடு வந்த ஒருவர் அதனைக் கணப்பொழுதில் காட்டிவிட்டார். இரு நகரங்களும் வெவ்வேறு மாநிலங்களில் இருக்கவேண்டும் என்று கூறி ஊழியர் அவருக்குத் தோல்வி அறிவித்தனர். செய்தி பரவிக் கண்டனம் எழுந்த பின்னர் மைக்ரோசொப்ட் மன்னிப்புக் கேட்டு, மடிக்கணினியும் தொலைபேசியும் அவருக்கு வழங்க முன்வந்தது. பக்கச்சார்பு என்பது பெரும்பான்மைத் தளத்தின் மேசையில் மட்டும் பிறப்பதன்று என்பதற்கு இதனையும் குறித்துவைக்கலாம். தம் பொருளுக்காக அவ்வளவு பரிந்து நிற்கும் ஊழியரை ஏனைய கடைகளில் விண்டோஸ் தொலைபேசி ஒருநாளும் பெறவில்லை என்பதையும் சேர்த்துக் குறிக்கலாம்.

அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள் கழிந்து, 2017 ஏப்பிரலில், அதே மைக்ரோசொப்ட் கடைகளில் சம்சுங்கின் கலக்சி எஸ் 8 தொலைபேசியின் 'மைக்ரோசொப்ட் பதிப்பு' விற்பனைக்கு வந்தது. அது அன்ட்ரொயிட்டில் இயங்குவது. எது நல்லது என்று கேட்டு வந்தவருக்கு அக்கடை ஊழியர் அதனை எடுத்துக் காட்டினர்.